கண்ணாடிப் பெட்டிக்குள் செடி வளர்த்த மருத்துவர் வார்டு

கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னச் சின்னச் செடிகளை நட்டு, அதற்குள் கெக்கோ என்ற பல்லியைச் செல்லமாக வளர்ப்பவர்கள் நகரங்களில் இருக்கிறார்கள். நம் வீட்டுச் சுவரில் ஓடுவதைக் காசு கொடுத்து வாங்குவார்களா என்று சிரிப்பு வரலாம். ஆனால் அந்தப் பெட்டிக்கு வேண்டிய செடி நாற்றுப் பண்ணையிலிருந்துதான் போக வேண்டும். அப்படி ஒரு பெட்டிக்குள் செடி வாழும் என்று முதலில் ஊருக்குக் காட்டியவர் நத்தேனியல் பாக்ஷா வார்டு. 1791-ல் லண்டனில் பிறந்தவர்.

அப்பா மருத்துவர். 13 வயதில் ஜமைக்காவுக்குக் கப்பலில் போன வார்டு, அங்கே பார்த்த பனை வகைகளையும் பெரணிகளையும் கடைசி வரை மறக்கவில்லை. பிறகு அவரும் மருத்துவராகி, கிழக்கு லண்டனில் தொழில் செய்தார். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மீதி நேரம் செடிக்குத்தான். கொல்லைப்புறத்தில் கல் அடுக்கி, தண்ணீர் சொட்ட விட்டு, பெரணி வளர்க்கப் பார்த்தார். சுற்றிலும் நிலக்கரி எரிக்கும் ஊர் அது. புகை படிந்து செடிகள் ஒவ்வொன்றாகச் செத்தன.

1829-ல் கொம்புப் புழு இனத்து அந்துப்பூச்சி ஒன்றின் கூட்டுப்புழுவை ஈரமான மக்கில் புதைத்து, அகன்ற வாய் கொண்ட கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி வைத்தார். பூச்சி வெளிவருவதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் எண்ணம். கவனித்தபோது பகல் வெப்பத்தில் மண்ணின் ஈரம் ஆவியாகி, கண்ணாடியில் துளியாகப் படிந்து, திரும்ப மண்ணுக்கே இறங்கியது. சில நாளில் மக்கிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. வெளியே வளர்க்க முடியாமல் தோற்ற அதே பெரணி இனம்! சன்னலுக்கு வெளியே அந்தப் புட்டியை வைத்தார். ஏறக்குறைய நான்கு ஆண்டுகள், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் அவை வாழ்ந்தன. அவர் ஊரில் இல்லாத நேரத்தில் மூடி துருப்பிடித்து மழைநீர் இறங்கிய பிறகே செத்தன.

அந்தக் காலத்தில் கடல் கடந்து செடி கொண்டுபோவது பெரும்பாடு. மேல்தளத்தில் வைத்தால் உப்புநீர் தெறிக்கும், கீழே வைத்தால் வெளிச்சம் இல்லை. குடிக்கவே நல்ல தண்ணீர் அளந்து கொடுக்கும் கப்பலில் செடிக்கு யார் ஊற்றுவார்? சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பியதில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் பிழைத்தது என்று ஒரு கணக்கு உண்டு.

1833-ல் வார்டு இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் பெரணியும் புல்லும் வைத்து, மல்லார்ட் என்ற கப்பல் தலைவரிடம் ஆஸ்திரேலியாவுக்குக் கொடுத்தனுப்பினார். பச்சையாகவே போய்ச் சேர்ந்தன. திரும்பும்போது அந்த ஊர்ச் செடிகளை நிரப்பினார்கள். தென் அமெரிக்கக் கோடியில் தளமெல்லாம் பனி, நிலநடுக்கோட்டில் கொளுத்தும் வெயில். எட்டு மாதம் தண்ணீர் ஊற்றாமல் வந்தும், லண்டனில் பெட்டியைத் திறந்தபோது செடிகள் நன்றாகவே இருந்தன. அதில் ஒரு பெரணி அதுவரை இங்கிலாந்துக்கு உயிரோடு வராதது. இந்த விவரங்களையெல்லாம் சேர்த்து 1842-ல் வார்டு புத்தகமாக வெளியிட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது நம் மண்ணையும் தொட்டது. சீனத் தேயிலைக் கன்றுகளை ராபர்ட் பார்ச்சூன் 1851-ல் இமயமலைச் சரிவுத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தது வார்டு பெட்டியில்தான். மலேரியாவுக்கு மருந்தான சின்கோனா தென் அமெரிக்காவிலிருந்து 1861-ல் நீலகிரிக்கு வந்ததும், 1876-ல் 1,900-க்கு மேற்பட்ட ரப்பர் நாற்றுகள் 38 பெட்டிகளில் இலங்கைக்குப் போனதும் அப்படியே. பெட்டி மண்ணோடு பூச்சியும் நோயும் சேர்ந்தே பயணம் செய்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மண்ணோடு செடி கொண்டுவரப் பல நாடுகள் பிற்பாடு கட்டுப்பாடு போட்டன.

வார்டு 1868-ல் காலமானார். புகை உள்ளே போகாததால் அவருடைய பெரணி பிழைத்தது. அதே பெட்டியில் நாமே விஷத்தை உள்ளே வைத்துவிட்டால், அது வெளியேறவும் வழி இல்லை. கெக்கோ இலைமேல் படியும் நீர்த்துளியை நக்கிக் குடிக்கும். அதற்கு இரையாகப் போடும் சிள்வண்டு அந்த இலையையே கடிக்கும். எனவே இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவிப் பாயும் மருந்து ஊற்றி வளர்த்த செடியைப் பல்லிப் பெட்டிக்குக் கொடுக்கக் கூடாது. இலையைக் கழுவினாலும் அந்த மருந்து போகாது. மருந்தே காட்டாத தாய்ச் செடியிலிருந்து தனியாகப் பதியம் எடுப்பதே நல்லது. விற்கும் முன் பழைய மண்ணை உதறி, உரக் குருணை கலக்காத சுத்தமான தென்னை நார்க்கழிவில் மாற்றி நட்டு, சில வாரம் ஒதுக்கி வையுங்கள்.

செடி வகையில், ஈரப் பெட்டிக்கு வாள் பெரணி, ஸ்பைடர் பிளான்ட், புரோமிலியாட் ஆகியவை பொருந்தும். சிறுத்தைக் கெக்கோ வாழும் வறண்ட பெட்டிக்கு முள்ளில்லாத ஹவொர்த்தியா போதும். அரளி, எருக்கு, பால் வடியும் கள்ளி எதுவும் ஆகாது. மணி பிளான்ட்டும் டைபன்பாக்கியாவும் சேம்புக் குடும்பம். பச்சைச் சேம்பைக் கடித்தால் நாக்கு அரிக்குமே, அதே ஊசிப் படிகங்கள் அவற்றிலும் உண்டு. வாங்குபவர் எந்தப் பல்லிக்கு என்று சொல்லாவிட்டால் கேட்டுவிட்டே செடியை எடுத்துக் கொடுங்கள்.