புல்லும் நீரும் ஒன்றாகத் தெரிந்தால்



ஒரு படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புகிறோம். என்ன பதில் வருது? ஒரு கட்டைவிரல். இல்லாட்டி, சூப்பர்லா. கொஞ்சம் வாய்த்துடுக்கான நண்பனாக இருந்தால், என்னடா இது என்று ஒரு சிரிப்பு. பாராட்டியவரும் சிரித்தவரும் படத்தை உண்மையிலேயே பார்த்தாங்களா? அடுத்த படத்தை இன்னும் நல்லா எடுப்பது எப்படின்னு நமக்கு ஏதாவது தெரிஞ்சுதா?

இந்த இரண்டு பதில்களையும் வாங்கி, மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது என்று காட்டியவர் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ். புகைப்படமும் ஒரு கலைதான் என்று உலகை ஒப்புக்கொள்ள வைத்தவர்களில் முதன்மையானவர்.

1864 ஜனவரி 1ஆம் நாள் அமெரிக்காவின் ஹொபோக்கன் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூதர்கள். அவருடைய பதினேழாம் வயதில் குடும்பம் மீண்டும் ஜெர்மனிக்குப் போனது. பெர்லினில் பொறியியல் படிக்கச் சேர்ந்தவர், அங்கே ஒரு கேமராவை வாங்கினார். படிப்பு ஒரு பக்கம் போக, மனசு முழுக்கக் கேமராவிடம் போய்விட்டது. பேராசிரியர் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகலிடம் புகைப்பட இரசாயனத்தைக் கற்றார்.

1887இல் இத்தாலியின் பெல்லாஜியோ என்ற ஊரில், சிரித்துக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தை அவர் எடுத்த படம், லண்டன் இதழ் ஒன்றின் போட்டிக்குப் போனது. நடுவர் பீட்டர் ஹென்றி எமர்சன், அந்தக் காலத்தில் பேர்போன புகைப்படக் கலைஞர். முதல் பரிசு தந்ததோடு அவர் நிறுத்தவில்லை. வந்த படங்களிலேயே இதில் மட்டும்தான் இயல்பான உயிரோட்டம் இருக்கிறது என்று காரணத்தையும் சொன்னார். இருபத்து மூன்று வயது இளைஞருக்கு, தன் பலம் எது என்று அடையாளம் காட்டிய சொல் அது.

எல்லாரும் எமர்சன் மாதிரி இருப்பாங்களா? 1890இல் நியூயார்க் திரும்பினார். 1893 பிப்ரவரியில் கடும் பனிப்புயல். ஐந்தாம் அவென்யூவில் மூன்று மணி நேரம் நின்று, கொட்டும் பனிக்குள் ஒரு குதிரை வண்டி வருவதை எடுத்தார். அந்த நெகட்டிவைச் சங்க நண்பர்களிடம் காட்டினார். ஒரே சிரிப்பு! மங்கலா இருக்கு, தூக்கிப் போடு என்றார்கள். அவர் போடவில்லை. வேண்டாத ஓரங்களை வெட்டி, வண்டியும் பனியும் மட்டும் நிற்கும்படி பிரிண்ட் போட்டார். அவருடைய மிகப் புகழ்பெற்ற படங்களில் அதுவும் ஒன்றாயிற்று. படம் மங்கலாக இருப்பதை நண்பர்கள் கண்டார்கள். அந்த மங்கலில்தான் புயலே இருக்கிறது என்பதைக் காணவில்லை.

பிறகு அவரே நடுவராகவும் ஆசிரியராகவும் ஆனார். 1903 முதல் 1917 வரை ‘கேமரா வொர்க்’ இதழை நடத்தினார். 1905இல் ஐந்தாம் அவென்யூ 291ஆம் எண் கட்டடத்தில் சின்னதாக ஒரு காட்சிக்கூடம் திறந்தார். எண்ணே அதற்குப் பெயராகிவிட்டது. இளைஞர்கள் படங்களைத் தூக்கிக்கொண்டு அங்கே போவார்கள்.

அவர்களில் ஒருவர் பால் ஸ்ட்ராண்ட். பள்ளிக்கூடப் பையனாக 1907இல் ஆசிரியரோடு முதன்முதலாக வந்தவர். அதன் பிறகு அவ்வப்போது படங்களைக் கொண்டு வந்து காட்டுவார். அன்று பலரும் மென்மையாக, கனவு போலத் தெரியும் லென்ஸைத்தான் விரும்பினார்கள். ஸ்ட்ராண்டும் அப்படியே. ஸ்டீக்லிட்ஸ் அந்தப் படங்களைப் பார்த்து, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். இந்த லென்ஸில் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடுகிறது, புல் நீரைப் போலவும் நீர் மரப்பட்டையைப் போலவும் தெரிகிறது, ஒவ்வொன்றுக்கும் உள்ள தனிக்குணம் போய்விடுகிறது என்று விளக்கினார். லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்கினால் தெளிவு கிடைக்கும் என்று வழியும் சொன்னார்.

கவனிச்சீங்களா? எங்கே குறை, அதனால் படம் எதை இழக்கிறது, எப்படித் திருத்தலாம், மூன்றும் அதில் இருந்தன. உனக்கு இது வராது என்ற பேச்சே இல்லை.

ஸ்ட்ராண்ட் போய் உழைத்தார். 1915இல் புதிய படங்களோடு வந்தபோது ஸ்டீக்லிட்ஸ் வியந்து போனார். கதவும் திறந்தது. 1916இல் 291இல் ஸ்ட்ராண்டுக்குத் தனிக் கண்காட்சி. 1917இல், சந்தா கட்டுவோர் நாற்பது பேர்கூட இல்லாமல் இதழ் நிற்கும் நிலை வந்தது. அதன் கடைசி வெளியீட்டுப் படங்கள் முழுவதையும் அந்த இளைஞருக்கே கொடுத்தார். குறை சொன்ன வாய்தான், நேரம் வந்தபோது மேடையும் போட்டுக் கொடுத்தது.

அதுக்காக அவர் குறையே இல்லாத மனிதர் என்று சொல்ல வரவில்லை. பேச்சு சுடும், பிடிவாதம் அதிகம். ஆரம்பத்தில் அவரே உயர்த்திவிட்ட கெர்ட்ரூட் கேஸ்பியர், கிளாரன்ஸ் ஒயிட் போன்ற நல்ல கலைஞர்கள் பின்னாளில் மனம் கசந்து விலகினார்கள். திறமையைத் திருத்தும் சொல்லே, அளவு மீறினால் ஆளை இழக்கவும் வைக்கும்.

தன் மீது வந்த விமர்சனத்தை அவர் எப்படி எடுத்துக்கொண்டார்? அவர் எடுத்த மனித முகங்களின் சிறப்பு, எதிரில் உட்கார்ந்தவரை அவர் வசியம் செய்வதால் வருகிறது என்று 1922இல் ஓர் எழுத்தாளர் எழுதினார். அவருக்கு அது உறுத்தியது. கேமராவை வானத்துக்குத் திருப்பி மேகங்களை எடுக்கத் தொடங்கினார். மேகத்தை யார் வசியம் செய்ய முடியும்? பதிலை வாயால் சொல்லாமல் வேலையால் சொன்னார்.

இங்கே நமக்கும் ஓர் உறவு உண்டு. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர், இலங்கைத் தமிழரான சர் முத்து குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி. சிவ நடனத்தின் பொருளை மேலைநாட்டினருக்கு எடுத்துச் சொன்ன அதே அறிஞர்தான். புகைப்படத்தைக் கலையாக ஏற்கப் பெரிய அருங்காட்சியகங்கள் தயங்கிய காலத்தில், ஸ்டீக்லிட்ஸின் படங்கள் அங்கே இடம்பெறவேண்டும் என்று அவர் முயன்றார். 1924இல் 27 படங்கள் அந்த அருங்காட்சியகத்துக்குள் போயின. நடராசர் சிலையை நின்று பார்க்கத் தெரிந்த கண், ஒரு காகிதப் படத்தையும் நின்று பார்த்தது.

1946 ஜூலை 13ஆம் நாள் ஸ்டீக்லிட்ஸ் காலமானார். ஸ்ட்ராண்ட் அதன் பிறகும் முப்பது ஆண்டுகள் வாழ்ந்து, உலகின் பல நாடுகளில் மனிதர்களையும் ஊர்களையும் படமெடுத்தார்.

அடுத்த முறை ஒரு தம்பியோ தங்கையோ, அண்ணா, அக்கா, இதைப் பாருங்க என்று கைப்பேசியை நீட்டினால், உடனே கட்டைவிரலைத் தட்டிவிடாதீங்க. ஒரு நிமிடம் பாருங்க. நல்லா வந்தது எது என்று ஒன்றைச் சொல்லுங்க. கண்ணை இடறுவது எது, அதை எப்படிச் சரிசெய்யலாம் என்று ஒன்றைச் சொல்லுங்க. அடுத்த படத்தையும் கொண்டு வா என்று கேளுங்க. அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் பல பேர் காத்துக்கிட்டு இருக்காங்க.