அபூபக்ர் (ரலி) வீட்டு விருந்தாளிகள்

மதீனா பள்ளிவாசல் திண்ணையில் தங்கியிருந்த ஏழைத் தோழர்களில் மூவரை அபூபக்ர் (ரலி) அவர்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். உபசரிப்பை மகன் அப்துர் ரஹ்மானிடம் ஒப்படைத்துவிட்டு, நபி (ஸல்) அவர்களிடம் சென்றார்கள். இரவில் தாமதமாகத் திரும்பினால், வீட்டுக்காரர் வராமல் விருந்தாளிகள் உண்ணவேயில்லை! மகன் பயந்து ஒளிந்துகொண்டார். அவரைக் கடிந்துகொண்டு, தாம் உண்பதில்லை எனக் கோபத்தில் சத்தியம் செய்தார்கள். அவர் உண்ணாமல் தாங்களும் உண்பதில்லை என்றார்கள் விருந்தாளிகள். அது ஷைத்தானின் வேலை என்றுணர்ந்து, சத்தியத்தை முறித்து உண்டார்கள். எடுக்க எடுக்க உணவு பெருகியது, அல்லாஹ்வின் பரக்கத்!

ஹிஜ்ரி 13-ல் வஃபாத்தான முதல் கலீஃபாவின் வீட்டிலேயே இந்தச் சங்கடம் நேர்ந்தது. ஏழைகளை வீட்டில் சேர்க்கும்போது வீட்டாருக்கும் சிரமம் உண்டு. நாம் சோற்றோடு பொறுமையையும் ஆக்கி வைப்போம்.