பூமிக்கடியில் ரயில் விட்ட வக்கீல்!

குட்டீஸ், உலகின் முதல் சுரங்க ரயில் ஓடியது லண்டன் நகரில். அதற்காகப் பல ஆண்டுகள் போராடியவர் இன்ஜினீயர் அல்ல, ஒரு வக்கீல்! அவர் பெயர் சார்லஸ் பியர்சன்.

பியர்சன் 1793ல் லண்டனில் பிறந்தார். அப்பா மெத்தை, இருக்கை செய்து விற்கும் வியாபாரி. சட்டம் படித்த பியர்சன், 1839ல் லண்டன் சிட்டி நிர்வாகத்தின் தலைமை வக்கீல் ஆனார்.

அநியாயம் எங்கே நடந்தாலும் அவருக்குப் பொறுக்காது. 1666ல் லண்டனை எரித்த பெருந்தீயின் நினைவாக அங்கே ஓர் உயரமான தூண் உண்டு. தீ வைத்தவர்கள் கத்தோலிக்கர்கள் என்று அதில் பொய்யான வாசகம் பொறித்திருந்தார்கள். பியர்சன் விடாமல் வாதாடினார். 1830ல் அந்த வாசகம் செதுக்கி எடுக்கப்பட்டது. இன்று அந்தத் தூணின் அருகிலுள்ள சுரங்க ரயில் நிலையத்தின் பெயரே 'மான்யுமென்ட்', அதாவது நினைவுச்சின்னம்!

சரி, அவருக்கு ரயில் ஆசை எப்படி வந்தது?

அப்போது லண்டனில் கூட்டமோ கூட்டம். பாடிங்டன், யூஸ்டன், கிங்ஸ் கிராஸ் போன்ற பெரிய ரயில் நிலையங்கள் எல்லாம் நகரின் ஓரத்திலேயே இருந்தன. நகரின் நடுவே தண்டவாளம் போட 1846ல் அரசுக் குழு தடை சொல்லிவிட்டது. ரயிலில் இருந்து இறங்கியவர்கள் குதிரை வண்டியில் ஏறி, நெரிசலில் திணறினார்கள்.

ஏழைத் தொழிலாளர்களின் நிலை இன்னும் மோசம். வண்டிக்குக் கொடுக்கக் காசு கிடையாது. வேலைக்கு நடந்து போகும் தூரத்திலேயே, காற்றும் வெளிச்சமும் இல்லாத அறைகளில் குடும்பம் குடும்பமாக நெருக்கி வாழ்ந்தார்கள். மலிவான கட்டணத்தில் ரயில் இருந்தால், இவர்கள் ஊருக்கு வெளியே நல்ல வீட்டில் வாழலாமே என்று பியர்சன் நினைத்தார். மேலே இடம் இல்லையா? கீழே விடுவோம் என்றார்!

பலர் கேலி செய்தார்கள். 1854ல் பாராளுமன்றம் அனுமதி தந்தது. ஆனால் பணம் சேரவில்லை. பியர்சன் தளரவில்லை. லண்டன் சிட்டி நிர்வாகத்தையே 2 லட்சம் பவுண்டு முதலீடு செய்ய வைத்தார். 1860ல் வேலை தொடங்கியது.

எப்படிக் கட்டினார்கள் தெரியுமா? ரோட்டை ஆழமாகத் தோண்டி, இருபுறமும் செங்கல் சுவர் எழுப்பி, மேலே வளைவான கூரை போட்டு, மண்ணால் மூடி, மறுபடி ரோடு போட்டார்கள். இதற்காகப் பல ஏழைகளின் வீடுகள் இடிக்கப்பட்டன என்பதுதான் சோகம். 1862 ஜூனில் ஃப்ளீட் என்ற பெரிய சாக்கடை உடைந்து, சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது. அதையும் சரி செய்தார்கள்.

ஆனால், அதே ஆண்டு செப்டம்பர் 14ல் பியர்சன் இறந்துவிட்டார். நான்கு மாதம்கூட ஆகவில்லை, 1863 ஜனவரி 10ல் பாடிங்டனில் இருந்து ஃபாரிங்டன் வரை ரயில் ஓடியது. தூரம் சுமார் 6 கிலோமீட்டர், 7 நிலையங்கள். இழுத்தது புகை கக்கும் நீராவி இன்ஜின்! முதல் நாளே சுமார் 38 ஆயிரம் பேர் பயணம் செய்தார்கள்.

தன் உழைப்புக்கு ரயில் கம்பெனியிடம் பணம் வேண்டாம் என்று மறுத்தவர் பியர்சன். அவர் மறைவுக்குப் பிறகு, மனைவிக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு கொடுத்தது கம்பெனி. 1864ல் தொழிலாளர்களுக்காக அதிகாலையில் மலிவுக் கட்டண ரயிலும் விட்டார்கள். பியர்சனின் ஆசை நிறைவேறத் தொடங்கியது.

அந்தப் பாதையில் இன்றும் ரயில் ஓடுகிறது, இப்போது மின்சாரத்தில்! ஷெர்லாக் ஹோம்ஸ் அருங்காட்சியகத்துக்கும் மேடம் துஸ்ஸாட்ஸ் மெழுகுச் சிலைகளுக்கும் போக வேண்டுமா? பேக்கர் ஸ்ட்ரீட்டில் இறங்கலாம். ஹாரி பாட்டர் ரயில் ஏறிய கிங்ஸ் கிராஸும் இதே பாதையில்தான் இருக்கிறது.

தான் ஒருநாள்கூட ஏறாத ரயிலுக்காக உழைத்தவர் பியர்சன். அதில் இன்று ஊரே பயணம் செய்கிறது, குட்டீஸ்!