ஆயிரம் முகத்து நடிகர் லொன் சேனி

அமெரிக்க நாட்டிலே ஆண்டுதோறும் ஒக்டோபர் 31 ஆம் திகதி இரவு ஹலோவீன் என்னும் விழா கொண்டாடப்படுகின்றது. மறுநாள் சகல புனிதர் திருநாள் ஆதலின், அதற்கு முன்னிரவாகிய அன்று பேய்களும் ஆவிகளும் உலாவும் என்பது மேனாட்டார் பழைய நம்பிக்கை. நம்பிக்கை தளர்ந்துவிட்ட பின்னரும் விழா தளரவில்லை. சிறுவர் பேய்வேடம் புனைந்து வீடுவீடாகச் சென்று இனிப்புப் பண்டம் பெறுவர். வளர்ந்தோர் அச்சந்தரும் திரைப்படங்களைக் கூடியிருந்து பார்த்து, தம்மை மிக நடுங்கச் செய்த படம் யாது என ஒருவரோடொருவர் வாதிடுவர். அவ்வாதத்திலே இளையோர் நேற்று வந்த படங்களைச் சொல்லுவர். மூத்த இரசிகரோ, பேச்சொலி இன்றி 1925 ஆம் ஆண்டிலே வெளிவந்த ஒரு படத்தைச் சொல்லாது விடுவதில்லை. ஓபராவின் மாயாவி என்பது அது. அதில் மாயாவியாக நடித்தவர் லொன் சேனி. அவர் வரலாற்றை அறிந்தோர், அந்த முகம் நம்மை ஏன் அஞ்சுவிக்கின்றது என்பதையும் ஒருவாறு அறிந்தோர் ஆவர்.

கொலராடோ மாநிலத்துக் கொலராடோ ஸ்பிறிங்ஸ் என்னும் ஊரிலே 1883 ஆம் ஆண்டு ஏப்ரில் முதலாந் திகதி சேனி பிறந்தார். தந்தையார் பிராங் சேனி முடிதிருத்தும் தொழில் செய்தவர். செவிப்புலனும் பேச்சும் இல்லாதவர். தாயார் எம்மாவும் அத்தன்மையரே. எம்மாவின் தந்தையார் ஜொனதன் கெனடி, தம் மக்களுள் மூவர் செவிப்புலன் அற்றவராய் இருத்தல் கண்டு, அத்தகைய பிள்ளைகளுக்கென 1874 ஆம் ஆண்டிலே அவ்வூரில் ஒரு பாடசாலையைத் தோற்றுவித்தார். அப்பாடசாலை இன்றும் நடைபெறுகின்றது. இத்தகைய குடும்பத்திலே, கேட்கவும் பேசவும் வல்ல பிள்ளையாய்ச் சேனி வளர்ந்தார். அவர் வீட்டில் மொழி என்பது நாவில் இல்லை. கையிலும் கண்ணிலும் புருவத்திலும் இருந்தது.

சேனிக்கு ஏறத்தாழப் பத்து வயதாயிருக்கும்போது தாயார் வாதநோயாற் படுக்கையில் வீழ்ந்தார். பையன் நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்தி அன்னைக்குப் பணிவிடை செய்ய நேர்ந்தது. எழுந்து வெளியே செல்ல மாட்டாத தாய்க்கு, அன்று ஊரில் நிகழ்ந்தவற்றையெல்லாம் அவரே நடித்துக் காட்டுவார். கடைக்காரன் கோபித்தமை, அயலாள் நடந்து சென்ற நடை, தெருவிலே இருவர் பிணங்கியமை ஆகிய யாவும் அக்கட்டிலருகே ஒரு சொல்லின்றி மீண்டும் நிகழ்ந்தன. பார்ப்பவர் ஒருவர், அவரும் காது கேளாதவர், நோயுற்றவர். முகத்திலே ஒரு சிறு குறிப்புப் பிழைத்தாலும் அவருக்குப் பொருள் விளங்காது. மாணாக்கரைக் கற்பிப்போர் நன்கு அறிவர், இத்தகைய கடுமையான ஆசிரியர் வேறு கிடைத்தல் அரிது என்பதை. எந்த நாடகக் கல்லூரியும் அவருக்குக் கற்பித்திருக்கக் கூடியது இதனிற் பெரிதன்று.

பின்னர் ஊர் நாடகசாலையிலே திரையும் தட்டுமுட்டும் எடுத்துவைக்கும் ஏவலாளராய்ச் சேர்ந்து, 1902 ஆம் ஆண்டளவில் மேடையேறி, ஊரூராய்த் திரியும் நாடகக் குழுக்களிலே ஆடியும் பாடியும் நகைச்சுவை நடித்தும் வயிறு வளர்த்தார். 1905 ஆம் ஆண்டிலே கிளீவா கிறைட்டன் என்னும் இளம் பாடகியை மணந்தார். அடுத்த ஆண்டு கிறைட்டன் என்னும் ஆண்மகவு பிறந்தது. இல்லறம் இனிதாயில்லை. 1913 ஆம் ஆண்டு ஏப்ரிலிலே, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து நாடகசாலை ஒன்றிலே கணவர் பணிபுரிந்துகொண்டிருந்த வேளையில், கிளீவா அங்கு வந்து நஞ்சுண்டார். உயிர் பிழைத்தது, குரல் பாழாயிற்று. பாட்டினாலே வாழ்ந்த ஒருத்தி தன் குரலை இழந்த அச்செய்தி நகரெங்கும் பரவி இருவர் பெயரையும் கெடுத்தது. மணவிலக்கும் நிகழ்ந்தது. யார்மேற் குற்றம் என்று தீர்ப்புக் கூற நாம் புகவேண்டுவதில்லை. நாடகமேடை அவருக்கு அடைபட்டது என்பதும், அக்காலத்து நாடகத்தார் இழிவாக எண்ணிய சலனப்படத் தொழிலையே அவர் நாட வேண்டியதாயிற்று என்பதும் நாம் இங்கே குறித்துக்கொள்ளத்தக்கன. மகனைச் சில காலம் பிறர் பராமரிப்பிலே விட நேர்ந்தது. 1915 ஆம் ஆண்டிலே ஹேசல் என்பாரை மறுமணஞ் செய்த பின்னரே பிள்ளை வீடு வந்தது.

யூனிவேர்சல் நிறுவனத்திலே சில ஆண்டுகளுள் நூற்றுக்கு மேற்பட்ட சிறிய படங்களில் அவர் தோன்றினார். கூலிக்கு வரும் நடிகருள் எவ்வேடத்திற்கு ஆள் வேண்டுமோ அவ்வேடத்தைத் தாமே முகத்தில் எழுதிக்கொண்டு நிற்பவருக்கு வேலை தப்பாது. ஒப்பனைப் பெட்டி ஒன்றே அவர் முதல். 1918 ஆம் ஆண்டிலே வாரச் சம்பளத்தை 125 டொலராக உயர்த்தும்படி வேண்டியபோது, நூறு டொலருக்கு மேற்பட்ட தகுதி அவருக்கு என்றும் வாராது என்று மேலாளர் மறுத்துவிட்டார். சேனி வெளியேறினார். அடுத்த ஆண்டிலே அற்புத மனிதன் என்னும் படம் வந்தது. கைகால் முடங்கிய இரவலனாக நடித்து ஊரை ஏய்க்கும் வஞ்சகன் ஒருவன், சாமியார் ஒருவர் முன்னிலையிலே மூட்டு மூட்டாய் நிமிர்ந்தெழுவதாகிய காட்சியிலே சேனி பெரும்புகழ் பெற்றார். அப்படத்தில் இன்று எஞ்சியிருப்பன சில நிமிடக் காட்சிகளே. 1920 ஆம் ஆண்டிலே தண்டனை என்னும் படத்தில், முழங்காலுக்குக் கீழ்ப்பட்ட பகுதியைப் பின்னே மடக்கித் தோல்வாரினாற் கட்டி, இரு காலும் அற்ற கொடியவனாக நடித்தார். குருதியோட்டம் தடைப்படும் ஆதலின் நெடுநேரம் அவ்வாறு நிற்க இயலவில்லை.

உடல் வருத்தம் பற்றி விளம்பரக்காரர் மிகைபடக் கூறியனவும் உள. 1923 ஆம் ஆண்டிலே வெளிவந்த நொத்தர்தாம் கூனன் படத்தில் அவர் முதுகிற் சுமந்த கூன் எழுபது இறாத்தல் என்று அந்நாளிலே பறைசாற்றினர். பின்வந்த ஆராய்ச்சியாளர் அதனை மிகக் குறைத்துவிட்டனர். நடிப்பின் பெருமையை இறாத்தற் கணக்கிலே நிறுத்துப் பார்ப்பது எனக்கு உடன்பாடன்று. அப்படத்திலே போற்றத்தக்கது வேறு. விக்ரர் ஹியூகோ 1831 ஆம் ஆண்டிலே வெளியிட்ட நாவலிலே வரும் குவாசிமோடோ, கோயில் மணியை அடித்தடித்து அவ்வோசையினாலேயே செவியிழந்தவன். ஊரார் அவனைத் தூணிற் கட்டிச் சவுக்கால் அடிப்பிக்கின்றனர், நீர் கேட்கின்றான், எள்ளி நகைக்கின்றனர், எஸ்மெரல்டா என்னும் பெண் ஒருத்தியே நீர் கொடுக்கின்றாள். காது கேளாதவன் ஒருவன், தன்னைச் சூழ நின்று வாய்திறந்து சிரிக்கும் கூட்டத்தை எவ்வாறு பார்ப்பான்? இதனைச் சேனி கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. தாய் தந்தையரோடு தெருவில் நடந்த பிள்ளைக்கு அப்பார்வை தெரியும்.

1925 இலே வந்த மாயாவிப் படத்துக்கு மூலம், பிரெஞ்சு ஆசிரியர் கஸ்தோன் லெறூ எழுதிய நாவல். பாரிசு நகரத்து இசைநாடக அரங்கின் நிலவறைகளிலே மறைந்து வாழும் விகார முகத்தான் ஒருவன், பாடகி ஒருத்தியை மறைவாய் நின்று பயிற்றுகின்றான். அவள்மேற் காதல் கொள்கின்றான். அவன் ஓர்கன் வாசித்துக்கொண்டிருக்கும்போது அவள் பின்னே மெல்ல வந்து முகமூடியைப் பறிக்கின்றாள். இருவரும் நம்மை நோக்கி இருத்தலின் அம்முகத்தை முதலிற் காண்பவர் நாமே; அவள் பின்னரே காண்கின்றாள். தூக்கிய மூக்கு, கருமை தீட்டிய நாசித்துளை, குழிந்த கண், பெயர்ந்த பற்கள் ஆகியவற்றால் உயிருள்ள தலையோடு போன்ற அம்முகத்தைப் படம் வெளிவருமுன் எவருக்குங் காட்டாது நிறுவனத்தார் மறைத்து வைத்திருந்தனர். கண்டோர் கூவினர் என்றும் மயங்கினர் என்றும் சொல்லுவர். ஆயினும் அடுத்த கணத்தைக் கவனியாதார் பலர். மாயாவி அவளைச் சுட்டிச் சினந்து, பின் அம்முகத்தைத் தானே கையினால் மூடித் துயருறுகின்றான்.

தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலிலே, அச்சம் தோன்றும் நிலைக்களங்கள் நான்கு என வகுத்து, வருத்துந் தெய்வம், கொடுவிலங்கு, கள்வர், அரசன் என்பவற்றைக் கூறினார். இக்காலத்து அச்சப் படங்களுட் பெரும்பாலானவற்றை இவற்றுள் ஒன்றில் அடக்கிவிடலாம். பேய்க்கதை முதலாவது, பெருங்குரங்கு நகரத்தை அழிக்குங் கதை இரண்டாவது, கத்தியேந்திய கொலைஞன் கதை மூன்றாவது. சேனியின் முகங்கள் இந்நான்கிலும் செவ்வனே அடங்குவன அல்ல. அவை பிணி, வருத்தம் என்பவற்றின்வழித் தோன்றும் இளிவரலோடு கலந்த அச்சத்தைத் தருவன. 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போரிலே முகஞ் சிதைந்தும் கைகால் இழந்தும் மீண்ட இளைஞர் அக்காலத்துத் தெருக்களிலே நடமாடினர். அவர்களை நேரே நோக்கமாட்டாது தலைதிருப்பிக்கொண்ட மக்கள், இருட்டிலே இருந்து சேனியை நோக்கினர்.

அவர் நடிப்பின் உச்சம் மாயாவியன்று. 1927 ஆம் ஆண்டிலே ரொட் பிறவுனிங் இயக்கிய அறியப்படாதவன் என்னும் படமே என்பது என் துணிபு. குற்றம் புரிந்து தப்பியோடிய அலொன்சோ என்பான், கைகளை உடம்போடு கட்டி மறைத்து, கையில்லாதவனாய்ச் சர்க்கசிலே காலாற் கத்தி எறிகின்றான். (அக்கால் வேலைகளுட் பலவற்றைச் செய்தவர் உண்மையிலே கையில்லாத வேறொருவர்.) சர்க்கஸ் தலைவன் மகளோ ஆடவர் கை தன்மேற் படுவதைப் பொறாதவள். யோன் குறோபோட் என்னும் நடிகை இளமையிலே ஏற்ற வேடம் அது. அவளை அடைதற்பொருட்டு அலொன்சோ தன் இரு கைகளையும் வைத்தியரைக்கொண்டு மெய்யாகவே வெட்டுவித்துக்கொண்டு திரும்புகின்றான். இதற்கிடையிலே அவளுக்கு அந்நடுக்கம் நீங்கி, வலிய கைகளையுடைய வேறொருவனை விரும்பிவிட்டாள். அச்செய்தியைக் கேட்டுச் சேனி சிரிக்கத் தொடங்குகின்றார். சிரிப்பு நிற்கவில்லை, அதுவே அழுகையாகின்றது, எந்த இடத்திலே நகை முடிந்து அழுகை தொடங்கிற்று என்று எத்தனை முறை பார்த்தாலும் வரையறுத்துச் சொல்ல இயலவில்லை. பேய் ஒன்றுமில்லாத அக்காட்சியினும் அஞ்சத்தக்க காட்சியைத் திரையிலே நான் கண்டதில்லை.

இத்துணைப் புகழ் பெற்றவர் தம் சொந்த முகத்தை மறைத்தே வாழ்ந்தார். பேட்டி கொடுத்தல் அவருக்கு விருப்பமன்று. காலிற் படும் சிலந்தியை மிதியாதே, அது லொன் சேனியாக இருக்கலாம் என்று அமெரிக்கர் வேடிக்கை பேசுமளவிற்கு அவர் உருமாற்றம் நாடறிந்திருந்தது. 1929 ஆம் ஆண்டிலே வெளிவந்த பிரித்தானிக்கா கலைக்களஞ்சியத்தின் 14 ஆம் பதிப்பிலே திரைப்பட ஒப்பனை பற்றிய கட்டுரையை எழுதியவரும் அவரே. நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவர் கலைக்களஞ்சியத்துக்கு எழுதியமை நம் மாணாக்கர் கேட்டு மகிழத்தக்க செய்தி.

பேசும்படம் வந்தபோது அவர் தயங்கினார். ஆயிரம் முகத்திற்கு ஒரே குரல் பொருந்துமோ என்னும் ஐயம் இயல்பானதே. ஈற்றிலே 1930 ஆம் ஆண்டில், தாம் முன்பு மௌனப்படமாக நடித்த தூயரல்லா மூவர் என்பதைப் பேசும்படமாக மீண்டும் நடித்து, கிழவி, பொம்மை, கிளி, இளம்பெண் முதலாக ஐந்து குரல்களிலே பேசினார். அக்குரல்கள் யாவும் தம்முடையனவே என்று சட்டப்படி சத்தியக் கடதாசியும் முடித்துக் கொடுத்தார். அதுவே அவர் பேசிய முதற்படமும் கடைசிப் படமும். நுரையீரற் புற்றுநோய் முன்னரே பற்றியிருந்தது. படம் வெளிவந்து இரு மாதம் நிரம்புமுன், ஓகஸ்ட் 26 ஆம் திகதி, தொண்டையிலே குருதி பெருகி உயிர் நீத்தார். வயது 47. கடைசி நாள்களிலே குரல் அடங்கிவிட்டமையால், தாயோடு பேசிய கைக்குறிகளாலேயே சூழ இருந்தாரோடு பேசினார் என்பர். மறைன் படை வீரராக நடித்த ஒரு படத்தின்பொருட்டு அவரைக் கௌரவ உறுப்பினராக ஏற்றிருந்த அமெரிக்க மறைன் படையினர் இறுதிச் சடங்கிற்குக் காவல் மரியாதை செய்தனர். கலிபோர்னியாவிலுள்ள அவர் கல்லறையிலே பெயர் பொறிக்கப்படவில்லை.

மகன் கிறைட்டன், தந்தை இருக்குமளவும் நடிப்புத் தொழிலுக்கு வாராது தடுக்கப்பட்டவர். பின்னர் வறுமை துரத்தத் திரைக்கு வந்து, நிறுவனத்தார் வற்புறுத்தலால் லொன் சேனி என்னும் தந்தை பெயரையே தாமும் தாங்கி, 1941 ஆம் ஆண்டிலே ஓநாய் மனிதனாக நடித்துப் பெயர் பெற்றார்.

சேனியின் படங்களுட் பல அழிந்தன. 1927 இலே வந்த நள்ளிரவின் பின் இலண்டன் என்னும் படத்தின் எஞ்சிய பிரதியும் 1965 ஆம் ஆண்டிலே நிகழ்ந்த தீவிபத்திலே எரிந்துபோயிற்று என்பர். கூரிய பல்லும் உயர்ந்த தொப்பியுமாய் அவர் தோன்றும் நிழற்படங்கள் மாத்திரம் எஞ்சின. அவற்றை வரிசைப்படுத்தி 2002 ஆம் ஆண்டிலே ஒருவாறு படம்போல் அமைத்தனர். அப்படத்தின் விளம்பரத் தாள் ஒன்று 2014 ஆம் ஆண்டு ஏலத்திலே 478,000 டொலருக்கு விலைபோயிற்று. இன்றைய இரசிகருட் கண்டார் ஒருவரும் இல்லாத படத்திற்கு இவ்விலை! அறியப்படாதவன் என்னும் படமும் நெடுங்காலம் அவ்வாறே தொலைந்ததாகக் கருதப்பட்டது. 1968 ஆம் ஆண்டிலே பாரிசு நகரத்துத் திரைப்படக் காப்பகத்தில் அது அகப்பட்டது. பெயர் தெரியாத படச்சுருள்களின் பெட்டிகள்மேல் அறியப்படாதது என்று எழுதி அடுக்கிவைத்திருந்தார்களாம். தன் பெயரையே மேலே தாங்கிய பெட்டியுள் இருந்தமையால் அதனை எவரும் திறந்து பார்த்திலர்.