ஒரு ஜில்லாவின் கதையைக் காப்பாற்றியவர்

ஷேக்ஸ்பியர் பிறந்த ஊர் ஸ்டிராட்போர்டு. அது இங்கிலாந்தில் வார்விக்ஷயர் ஜில்லாவில் இருக்கிறது. வயலும் புல்வெளியும் ஆட்டு மந்தையும் நிறைந்த நாட்டுப்புறம் அது. அந்த ஜில்லாவின் வரலாற்றை ஊர் ஊராக எழுதி வைத்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் வில்லியம் டக்டேல்.

அவர் மன்னர் அல்ல. படைத் தலைவரும் அல்ல. பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றவரும் அல்ல. ஆனால், அழிந்து போன பல கல்லறைகளும் சித்திரங்களும் எப்படி இருந்தன என்பதை இன்று அவருடைய ஏடுகளைப் பார்த்துத்தான் தெரிந்து கொள்கிறார்கள்.

தேனீக் கூட்டம்

டக்டேல் 1605-ம் ஆண்டு செப்டம்பர் 12-ந் தேதி ஷஸ்டோக் என்ற சிற்றூரில் பிறந்தார். அவர் பிறந்த சமயம் வீட்டுத் தோட்டத்தில் தேனீக் கூட்டம் ஒன்று வந்து இறங்கியதாம். இந்தப் பிள்ளை தேனீயைப் போல் ஓயாமல் உழைப்பான் என்று அதற்குப் பொருள் கூறினார்களாம். அந்தச் சொல் பலித்தது.

கவென்ட்ரி நகரப் பள்ளிக்கூடத்தில் அவர் படித்தார். தந்தைக்கு வயது முதிர்ந்து உடல் தளர்ந்து விட்டது. மகனின் கல்யாணத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். அதனால் 17 வயதிலேயே டக்டேலுக்குத் திருமணம் நடந்தது. சில காலத்தில் தந்தை காலமானார். 1625-ம் ஆண்டில் டக்டேல் பக்கத்திலிருந்த பிளைத் ஹால் என்ற வீட்டையும் நிலத்தையும் வாங்கிக் குடியேறினார்.

பெட்டியில் கிடந்த வரலாறு

அதே ஜில்லாவில் சர் சைமன் ஆர்ச்சர் என்ற பெரியவர் இருந்தார். பழைய பத்திரங்களைத் தேடிச் சேர்ப்பது அவருக்குப் பிரியமான வேலை. இருவரும் நண்பர்கள் ஆனார்கள். பெரிய குடும்பங்களின் வீட்டுப் பெட்டிகளில் பல நூறு ஆண்டுப் பத்திரங்கள் கிடந்தன. எந்த நிலம் யாருக்குச் சொந்தம், தேவாலயத்தைக் கட்டியவர் யார் என்பதெல்லாம் அவற்றில் இருந்தன. ஆர்ச்சர் தாம் சேர்த்ததை எல்லாம் தம்மை விட இளையவரான டக்டேலுக்குத் தந்து உதவினார்.

போர் மேகம்

1641-ம் ஆண்டு. சார்லஸ் மன்னருக்கும் பார்லிமெண்டுக்கும் பகை முற்றி வந்தது. போர் மூண்டால் தேவாலயங்கள் தப்பமாட்டா என்று சர் கிறிஸ்டோபர் ஹாட்டன் என்ற செல்வர் அஞ்சினார். உள்ளதை உள்ளபடி பிரதி எடுத்து விடுமாறு டக்டேலைத் தூண்டினார். செட்ஜ்விக் என்ற சித்திரக்காரரும் கூடச் சென்றார்.

இருவரும் பீட்டர்பரோ, ஈலி, லிங்கன், யார்க், லிச்பீல்டு என்று ஊர் ஊராகப் போனார்கள். அந்தக் காலத்தில் காமிரா ஏது? கல்லறையில் வெட்டிய எழுத்துக்களை டக்டேல் வரி விடாமல் எழுதிக் கொண்டார். சிலைகளையும், ஜன்னல் கண்ணாடியில் தீட்டியிருந்த சின்னங்களையும் சித்திரக்காரர் வரைந்தார்.

மறு ஆண்டே போர் வெடித்தது. அதன் முதல் பெரும் சண்டை 1642 அக்டோபர் 23-ந் தேதி வார்விக்ஷயரிலேயே, எட்ஜ்ஹில் என்ற இடத்தில் நடந்தது. 1643-ம் ஆண்டில் பீட்டர்பரோ தேவாலயத்தில் சிப்பாய்கள் புகுந்து சிலைகளையும் கண்ணாடிகளையும் நொறுக்கினார்கள். லிச்பீல்டு தேவாலயம் மூன்று முறை முற்றுகைக்கு ஆளாயிற்று. அதன் நடுக் கோபுரம் இடிந்து விழுந்தது. கல் போயிற்று. டக்டேலின் காகிதம் நின்றது.

அவர் மன்னர் பக்கம் நின்றவர். மன்னர் தோற்றார். டக்டேலின் சொத்து பறிமுதல் ஆயிற்று. அபராதம் கட்டித்தான் அதை மீட்டார். இத்தனை இடரிலும் எழுத்து வேலையை அவர் விடவில்லை.

மறைந்த கிராமங்கள்

1656-ம் ஆண்டில் அவருடைய வார்விக்ஷயர் வரலாறு வெளிவந்தது. ஆறுகள் ஓடும் வழியைப் பின்பற்றி, கரையோர ஊர்களை ஒவ்வொன்றாக அவர் சொல்லிக் கொண்டு போகிறார். ஷேக்ஸ்பியரின் நினைவுச் சின்னத்தின் படமும் அதில் உண்டு.

அந்நாளில் ஆட்டு ரோமத்துக்கு நல்ல விலை. ஆகவே நிலச் சொந்தக்காரர்கள் பலர் குடியானவர்களை வெளியேற்றி, உழுத நிலத்தை மேய்ச்சல் நிலமாக்கினார்கள். கிராமங்கள் பாழாயின. அப்படி மறைந்த ஊர்களையும் டக்டேல் தம் நூலில் குறித்து வைத்தார்.

அவர் நூலில் ஒரு குறையும் உண்டு. நிலப்பிரபுக்களின் வம்சம் விரிவாக வருகிறது. ஏர் உழுதவனைப் பற்றிய செய்தி குறைவு.

லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைப் பற்றி 1658-ம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். ஹோலர் என்ற கலைஞர் அதற்குப் படம் செதுக்கினார். எட்டே ஆண்டுகளில், 1666-ம் ஆண்டு பெருந் தீயில் அந்தத் தேவாலயம் வெந்து அழிந்தது. பழைய ஆலயத்தின் அழகை இன்று நமக்குக் காட்டுவது அந்த நூல்தான்.

சங்கம் பிறந்தது

1660-ம் ஆண்டில் மன்னராட்சி திரும்பியது. டக்டேலுக்கு அரசாங்கத்தில் உயர் பதவி கிடைத்தது. 1677-ம் ஆண்டில் "சர்" பட்டமும் பெற்றார். 1686-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி, 80-ம் வயதில், பிளைத் ஹாலிலேயே காலமானார். பிறந்த ஊரான ஷஸ்டோக்கில் அவரை அடக்கம் செய்தார்கள். அவருடைய கையெழுத்து ஏடுகள் ஆக்ஸ்போர்டு போய்ச் சேர்ந்தன.

1920-ம் ஆண்டில் வார்விக்ஷயர் மக்கள் அவர் பெயரால் ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஜில்லாவின் பழைய ஆவணங்களைத் தேடி அச்சிடுவது அதன் வேலை. ஸ்டிராட்போர்டு ஊர்ச் சபையின் நடவடிக்கைக் குறிப்பையும் வரவு செலவுக் கணக்கையும் அது அச்சிட்டது. இத்தகைய ஏடுகளில் சாதாரண மக்களின் பெயரும் தொழிலும் வருகின்றன. டக்டேல் விட்ட குறையை அவர் பெயர் தாங்கிய சங்கமே நிரப்பி வருகிறது.

டக்டேல் ஓர் ஆண்டு தாமதித்திருந்தால் போர் முந்திக் கொண்டிருக்கும். நம் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய பெட்டி இருக்கலாம். செல்லரிக்கும் முன் அதை ஒரு முறை திறந்து பார்த்து விடுவது நல்லது.