நாளைக்குப் பார்க்கலாம்னு அவர் விட்டிருந்தா...

எங்க ஊர் ஆனைக்குட்டம். தீபாவளிப் பட்டாசு வேலை முடியட்டும், கந்த சஷ்டியிலிருந்து தினம் ஒரு திருப்புகழ் படிக்கலாம்னு மூணு வருஷமா தள்ளிப்போட்டேன். சோம்பல் என் பிறவிக்குணம்னு சமாதானம் வேற! வ.த.சுப்பிரமணிய பிள்ளையின் வாழ்க்கையைப் படிச்சதும் வெட்கமாப் போச்சு.

1846-ல் பிறந்தவர். கோர்ட் உத்தியோகத்தில் மாவட்ட முன்சீபாக உயர்ந்தவர். 1871-ல் சிதம்பரத்தில் திருப்புகழ் கேட்டு மனசைப் பறிகொடுத்தார். அருணகிரிநாதர் பாடல்கள் அப்போது ஓலைச்சுவடிகளில் அங்கங்கே சிதறிக் கிடந்தன. கரையான் யாருக்காகவும் காத்திருக்காதே! உத்தியோகத்தோடு உத்தியோகமாக ஊர் ஊராகத் தேடினார். முதல் தொகுதி அச்சில் வர 1894 ஆயிற்று, இரண்டாவது 1901-ல். 1909-ல் முருகனடி சேர்ந்தார். மிச்சப் பணியை மகன் செங்கல்வராய பிள்ளை தொடர்ந்தார். இன்று நம்ம கையில் சுமார் 1,300 பாடல்கள் இருக்கு.

23 வருஷ உழைப்பை ஒரே நாளில் யாராலும் செய்ய முடியாது. ஒவ்வொரு சுவடியாகத்தான் சேர்ந்திருக்கும். விடாமுயற்சிங்கிற குணமும் அப்படித்தான் சேருதுன்னு எனக்குத் தோணுது.

நேத்து ராத்திரி ஒரு பாட்டு படிச்சேன். இன்னிக்கு அடுத்தது. நீங்க எதைத் தள்ளிப்போட்டு வச்சிருக்கீங்க?

வேலும் மயிலும் துணை!