யாழுக்கு உயிர் கொடுத்த காரைதீவு மைந்தர்

கல்முனையிலிருந்து தெற்கே அக்கரைப்பற்று வீதியால் பயணஞ் செய்திருக்கிறீர்களா? சாய்ந்தமருது, மாளிகைக்காடு என்னும் முஸ்லிம் ஊர்களைக் கடந்து, நிந்தவூரை அடையுமுன் வருவது காரைதீவு. அந்தக் கடலோரச் சிற்றூரிலே 1892ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27ஆம் திகதி சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதிகளுக்கு ஒரு மகன் பிறந்தார். மயில்வாகனம் என்பது அவர் பெயர். விபுலாநந்த அடிகள் என்று பின்னாளில் நாம் போற்றுபவர் அவரே.

கல்முனை மெதடிஸ்த பாடசாலையிற் படித்த சிறுவன், மேற்படிப்புக்கு மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரிக்கு வந்தார். 1908இல் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறி, அங்கேயே ஆசிரியருமானார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டம் பெற்றார். 1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். 1924இல் இராமகிருஷ்ண மடத்தில் துறவு பூண்டார்.

துறவியான பின்னும் அவர் ஆசிரியப் பணியைத் துறக்கவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்காகப் பாடசாலைகளை நடத்தினார். கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார்.

இத்தனைக்கும் நடுவே ஒரு கேள்வி அவரை விடவில்லை. பழந்தமிழர் மீட்டிய யாழ் எங்கே? பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு என்று நூல்கள் சொல்லின. ஆனால் கருவியும் இல்லை. மீட்டத் தெரிந்தவரும் இல்லை. சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் வைத்துக்கொண்டு, கணிதமும் விஞ்ஞானமும் கற்ற அந்தத் துறவி கணக்குப் போடத் தொடங்கினார். தந்தியைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் பஞ்சமம் பிறக்கும். இத்தகைய அளவுகளைக் கொண்டு 14 ஆண்டுகள் உழைத்தார். நோயும் முதுமையும் நெருங்கிய நிலையில், 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் ‘யாழ்நூல்’ அரங்கேறியது. ஆறு கிழமைக்குப் பின், ஜூலை 19ஆம் திகதி, அவர் கண் மூடினார்.

பெற்றோரே, சற்றுச் சிந்தியுங்கள். கையிலிருந்து கைக்கு வந்த கலை ஒரு தலைமுறையிலே கைவிடப்பட்டால், அதை மீட்க ஓர் அறிஞரின் வாழ்நாளே தேவைப்படுகிறது. நம் பிள்ளைகள் கேள்வியால் மட்டும் பாட்டுப் பழகுகிறார்கள். அதை எழுதவும் பழக்கினால் என்ன?

இது கடினமன்று. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்பதைப் பிள்ளை அறிந்துவிடும். நம் சுரம் எழுதும் முறையும் அதுவே. ‘ஸ’ என்றால் ஓர் எண்ணிக்கை; ‘ஸா’ என்றால் இரண்டு. ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, மூன்று விரல், பின் தட்டு வீச்சு, தட்டு வீச்சு. ‘ஸா ரி க மா பா’ என்று எழுதிக் கொடுத்து, கையால் தாளம் போட்டுக் கூட்டச் சொல்லுங்கள். இரண்டு, ஒன்று, ஒன்று, இரண்டு, இரண்டு. எட்டு சரியாக வரும். அடுத்த எட்டைப் பிள்ளையே எழுதட்டும். இன்று மாலை படிப்பு முடிந்ததும் ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக் கொடுங்கள்.